ஸ்கீ நீளம் எவ்ளோ எடுக்கணும்? முதல் தடவை பனிக்கு போற நம்ம வேலூர் பக்கத்து ஆளுங்களுக்கு

போன டிசம்பர்ல எங்க அக்கா பொண்ணு காட்பாடியில இருந்து போன் பண்ணா. "மாமா, ஜனவரியில ஃப்ரெண்ட்ஸோட காஷ்மீர்ல குல்மார்க் போறோம், நெட்ல பாத்தா ஸ்கீ 140லருந்து 180 சென்டிமீட்டர் வரைக்கும் கீது, நான் இன்னா சைஸ் கேக்கணும்?"னு கேட்டா. உயரம் எவ்ளோன்னேன், அஞ்சடி மூணுன்னா. வெயிட் எவ்ளோன்னேன், "அது எதுக்கு மாமா இப்போ?"ன்னு சட்டுனு கேட்டா. அவ மட்டும் இல்ல, என்கிட்ட கேட்ட எல்லாருமே அப்படித்தான், உயரத்தை சொல்லிட்டா நம்பர் வந்துடும்னு நினைக்கிறாங்க. ஸ்கீன்னா பனி மேல சறுக்கிப் போக ரெண்டு கால்லயும் மாட்டுற நீளப் பலகை, அதுக்கு உயரம் வெறும் ஆரம்பம்தாங்க. நம்பரை முடிவு பண்றது உங்க வெயிட்டும், நீங்க நெஜமாவே எவ்ளோ ஓட்டுவீங்கன்றதும்தான். அதை விலாவாரியா சொல்லத்தான் இதை எழுதுறேன்.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில சாம்பிள் செக்ஷன்ல இருக்கேன். கால் அளவு, லாஸ்ட் (ஷூ செய்ய வெக்கிற கால் அச்சு), ஃபிட்டிங் இதுலயே பதினேழு வருஷம் போயிடுச்சு. குல்மார்க்ல ரெண்டு வாரம் தங்கி ஸ்கீ கத்துக்கிட்டேன், அப்புறம் கம்பெனி வேலையா இத்தாலி போனப்போ மோன்டெபெல்லுனான்ற ஊருக்கு போனேன், ஸ்கீ பூட் செய்யறதுல உலகத்துக்கே பேர் போன ஊர் அது, நம்ம ஆம்பூர் தோல் ஷூவுக்கு எப்படியோ அப்படி. அங்கருந்து மலை கிட்டதான், லீவு கிடைச்ச நாள்லாம் ஓட்டினேன். அதனால கீழ இருக்கறது நான் போட்டு பாத்து, விழுந்து, மாத்தி எடுத்து கத்துக்கிட்டது.

மொதல் வேலை, வீட்லயே செய்ற வேலை

செருப்பு இல்லாம சுவத்துல முதுகை ஒட்டி நில்லுங்க, வீட்ல யாரையாவது பென்சில்ல நாலு கோடு போட சொல்லுங்க: தாடை, மூக்கு, நெத்தி, உச்சந்தலை. டேப்பு வெச்சு தரையிலருந்து ஒவ்வொண்ணும் எத்தனை சென்டிமீட்டர்னு அளந்து போன்ல எழுதி வெச்சுக்கோங்க. நம்ம ஊர்ல எல்லாம் அடி, இன்ச்சுதான் பழக்கம், ஆனா ஸ்கீ உலகத்துல எங்க போனாலும் சென்டிமீட்டர்தான், ஸ்கீ மேலயே 150, 156, 163னு அச்சடிச்சிருக்கும், கடைக்காரர் கிட்ட அடிக்கணக்குல சொன்னா அவர் மனசுல மாத்துறப்போ ஒரு சைஸ் முன்ன பின்ன போயிடும். ஒரு இன்ச்சு 2.54 சென்டிமீட்டர், அஞ்சடி மூணுன்னா 160, அஞ்சு ஆறுன்னா 168, அஞ்சு ஒம்போதுன்னா 175, ஆறடின்னா 183.

சிலம்பம் ஆடினவங்களுக்கு இது புதுசா இருக்காது, கம்பு நெத்தி மட்டத்துக்கு வரணும்னு வாத்தியார் நிக்க வெச்சு பாப்பார் இல்ல, அதே மாதிரிதான். ஸ்கீயை செங்குத்தா நிறுத்தினா அதோட முனை உங்க மூஞ்சில எங்க வருதுன்னு பாக்குறது. முதல் தடவை போறவங்களுக்கு தாடைக்கும் மூக்குக்கும் நடுவுல. நாலஞ்சு நாள் ஓட்டி, திரும்பவும் நிக்கவும் பயம் இல்லாம வந்துட்டவங்களுக்கு மூக்குக்கும் நெத்திக்கும் நடுவுல. எந்த சரிவா இருந்தாலும் வேகமா இறங்கறவங்களுக்கு நெத்தியிலருந்து உச்சந்தலை வரைக்கும், சிலருக்கு அதுக்கும் மேல.

நம்பரா வேணும்னா, முதல் தடவைன்னு வெச்சுக்கிட்டு சொல்றேன்: அஞ்சடி உயரத்துக்கு 130லருந்து 138, அஞ்சு மூணுக்கு 138லருந்து 146, அஞ்சு ஆறுக்கு 146லருந்து 154, அஞ்சு ஒம்போதுக்கு 152லருந்து 160, ஆறடிக்கு 160லருந்து 168. இது நடு வெயிட் இருக்கறவங்களுக்கு. இதை அப்படியே எடுத்துக்கிட்டு போய் கடையில நிக்காதீங்க, அடுத்ததை படிச்சுட்டு போங்க.

வெயிட்டை மறைக்காதீங்க

ஸ்கீன்றது ஒரு வில்லு மாதிரி. தரையில வெச்சா நடுவுல கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்கும், நீங்க மேல ஏறி நின்னா உங்க பாரத்துல அமுங்கி பனியோட முழு நீளத்துக்கும் ஒட்டும். திரும்பும்போது இன்னும் அமுங்கி எதிர் பக்கமா வளையும், அந்த வளைவுதான் உங்களை திருப்புது. ஸ்கீக்கு உங்க உயரம் தெரியாது, அது உணர்றது உங்க பாரத்தை மட்டும்தான். ஒல்லியா 50 கிலோ இருக்கறவர் நீளமான, விறைப்பான ஸ்கீ மேல நின்னா அது வளையவே வளையாது, பலகை மேல நிக்கிற மாதிரி நேரா போய்கினே இருக்கும். 90 கிலோ இருக்கறவர் சின்ன ஸ்கீ மேல நின்னா அது ஓவரா வளைஞ்சு, புதைஞ்சு, வால் பக்கம் வழுக்கிக்கிட்டு போகும். பொதுவா ஒரே மாடல்ல சைஸ் ஏற ஏற கம்பெனிக்காரங்க விறைப்பையும் கூட்டித்தான் செய்றாங்க, ஏன்னா நீள ஸ்கீயை வெயிட்டான ஆள்தான் எடுப்பாருன்னு கணக்கு.

எங்க கூட வந்த ஒரு நண்பர், அஞ்சடி எட்டு, 92 கிலோ. முதல் தடவைன்னு சொன்னதும் கடையில யோசிக்காம 150 குடுத்துட்டாங்க, வெயிட்டை யாரும் கேக்கல. கொஞ்சம் வேகம் எடுத்தாலே ஸ்கீ முனை தடதடன்னு ஆடுது, மெத்துனு பனி இருக்கற இடத்துல முன்னாடி புதையுது, மனுஷன் சாயந்திரம் "எனக்கு இது சரிப்படாது, நான் ரூம்லயே இருக்கேன்"னுட்டார். மறுநாள் காலையில கூட்டிட்டு போய் 163 எடுத்து குடுத்தோம். அதே ஆள், அதே சரிவு, மத்தியானத்துக்குள்ள தானா திரும்பி நின்னார். வெயிட்டான ஆளுக்கு சின்ன ஸ்கீதான் சுலபம்னு சொல்றது தப்பு, இதை ரொம்ப பேர் தப்பாவே சொல்றாங்க.

அதனால உங்க உயரத்துக்கு இருக்க வேண்டிய வெயிட்டை விட பத்து, பதினஞ்சு கிலோ கூட இருந்தா மேல சொன்ன அளவுல மேல் எல்லைக்கு போங்க, தேவைப்பட்டா அதுக்கும் ஒரு சைஸ் மேல. ரொம்ப ஒல்லின்னா கீழ் எல்லைக்கு வாங்க. வாடகை ஸ்கீ பெரும்பாலும் ஏழு, எட்டு சென்டிமீட்டர் இடைவெளியிலதான் வரும், 146, 153, 160 அப்படி, நீங்க கேக்குற 150 இருக்காது. அப்போ 146ஆ 153ஆன்னு வரும்போது இந்த வெயிட்டு கணக்குதான் கை குடுக்கும். எங்க அக்கா பொண்ணு 160 சென்டிமீட்டர், 48 கிலோ, அவளுக்கு நான் 138லருந்து 142க்குள்ள கேளுன்னு சொன்னேன், 140 கிடைச்சுது, ரெண்டாவது நாளே சேர் லிஃப்ட்ல, அதாவது சரிவுக்கு மேல கொண்டு போற தொங்கு நாற்காலியில, ஏறிட்டா.

பொண்ணுங்களுக்கு தனியா கணக்கு இருக்கான்னு கேப்பாங்க. லேடீஸ் மாடல்னு வர்ற ஸ்கீ கொஞ்சம் லேசாவும் வளையுறதாவும் இருக்கும், அவ்ளோதான். நீளம் பாக்குற முறை ஒண்ணுதான்.

உங்களுக்கு எவ்ளோ தெரியும்னு உண்மையை சொல்லுங்க

இதுலதான் நான் அடிபட்டேன். ரெண்டாவது வருஷம் இத்தாலியில ஒரு வாடகை கடையில, எத்தனை நாள் ஓட்டியிருக்கேன்னு கேட்டதுக்கு "நல்லா ஓட்டுவேன்"னு சொல்லிட்டேன், மொத்தமே பதினாலு நாள்தான் ஓட்டியிருந்தேன். 167 சென்டிமீட்டர் ஆளுக்கு 174 குடுத்தாங்க. காலையில பனி ராத்திரி குளிர்ல இறுகி கண்ணாடி மாதிரி இருக்கும், அந்த சரிவுல திருப்பத்தை ஆரம்பிக்க முடியுது, முடிக்க முடியல, வேகம் ஏறிக்கினே போகுது, பயத்துல உடம்பு தானா பின்னாடி சாயுது, பின்னாடி சாஞ்சா ஸ்கீயோட முன்பக்கம் பிடிப்பு போயிடும், அப்புறம் எங்க திருப்புறது. முட்டி திருகிக்கிச்சு. ரெண்டு வாரம் நொண்டிக்கிட்டு வேலைக்கு போனேன். கடைக்காரர் மேல தப்பே இல்ல, நான் சொன்னதுக்கு ஏத்ததைத்தான் அவர் குடுத்தார்.

அதனால கடையில "பிகினரா, இன்டர்மீடியட்டா"ன்னு கேட்டா அந்த வார்த்தையில பதில் சொல்லாதீங்க. ஒவ்வொருத்தருக்கும் அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தம். நாள் கணக்கு சொல்லுங்க, என்ன செய்ய வரும்னு சொல்லுங்க. "மொத்தம் மூணு நாள் ஓட்டியிருக்கேன், ஸ்னோ ப்ளோ போட்டு நிக்க வரும்" இது ஒரு பதில். ஸ்னோ ப்ளோன்னா முனை ரெண்டையும் கிட்ட வெச்சு வால் ரெண்டையும் அகலமா விரிச்சு, கூரை மாதிரி வெச்சுக்கிட்டு வேகத்தை குறைக்கிறது, எல்லாருக்கும் மொதல்ல சொல்லித்தர்றது அதுதான். "எட்டு நாள், சாதா சரிவுல ரெண்டு ஸ்கீயும் இணையா வெச்சு திரும்புவேன்" இது இன்னொரு பதில். கேக்குறவருக்கு உடனே புரிஞ்சுடும்.

சின்ன ஸ்கீ ஏன் புதுசா கத்துக்கறவங்களுக்கு நல்லதுன்னா, காலை திருப்பினா முழு ஸ்கீயும் கூட வரும், முனைங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது, கூரை மாதிரி விரிக்கறதுக்கு தொடையில பலம் அவ்ளோ வேணாம். 1960கள்ல அமெரிக்காவுல இதையே ஒரு பாடமுறையா வெச்சிருந்தாங்க, மொதல்ல ரொம்ப குட்டி ஸ்கீ, ரெண்டு நாள் கழிச்சு கொஞ்சம் நீளம், அப்புறம் இன்னும் நீளம்னு ஏத்திக்கிட்டே போறது. இன்னிக்கும் வாடகைக்கு எடுக்கறவங்க அதை தாராளமா செய்யலாம், அஞ்சு நாள் டிரிப்னா மூணாவது நாள் ஒரு சைஸ் ஏத்தி பாருங்க, வித்தியாசத்தை கால்லயே உணருவீங்க.

பழைய ஆளுங்க சொல்றதை ஏன் கேக்கக்கூடாது

"கையை மேல தூக்கு, மணிக்கட்டு வரைக்கும் வரணும்"னு வயசானவங்க யாராவது சொன்னா, அவங்க பொய் சொல்லல, அவங்க காலத்துல அதுதான் சரி. அப்போ ஸ்கீ ஏறக்குறைய நேரா இருக்கும், அஞ்சடி எட்டு ஆளுக்கு 200 சென்டிமீட்டர் சர்வ சாதாரணம். 1993ல ஸ்லோவேனியா நாட்டு எலான் கம்பெனி எஸ்சிஎக்ஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, ரெண்டு முனையும் அகலம், நடு இடுப்பு ஒடுக்கம், உடுக்கை மாதிரி. உடுக்கையோட பக்கவாட்டு வளைவை பாருங்க, அதை தரையில சாச்சு வெச்சா ஒரு வட்டத்தோட துண்டு கிடைக்கும் இல்ல, ஸ்கீயை சாச்சு அழுத்தினா அது அந்த வட்டத்துலயே தானா ஓடும். பிடிப்புக்கும் திருப்பத்துக்கும் அவ்ளோ நீளம் தேவையே இல்லன்னு ஆயிடுச்சு, பத்து வருஷத்துக்குள்ள எல்லாருடைய ஸ்கீயும் கிட்டத்தட்ட ஒரு அடி குறைஞ்சுது. அதனால எங்கயாவது பழைய, நேரான ஜோடி கைக்கு வந்தா, நீளம் சரியா இருந்தா கூட வாங்காதீங்க, வேற குடுங்கன்னு கேளுங்க.

அந்த வட்டத்தோட ஆரம் ஸ்கீ மேலயே போட்டிருக்கும், 13 மீட்டர், 15 மீட்டர், 18 மீட்டர்னு. கூடவே 122-74-104 மாதிரி மூணு நம்பர் இருக்கும், அது முன்பக்க அகலம், இடுப்பு அகலம், வால் அகலம், மில்லிமீட்டர்ல. ஒரே மாடல்ல நீளம் கூடினா ஆரமும் கூடும், திருப்பம் பெருசாகும். புதுசா போறவங்க 12லருந்து 15 மீட்டருக்குள்ள, இடுப்பு 70லருந்து 80 மில்லிமீட்டருக்குள்ள இருக்கறதை எடுங்க.

எப்படி ஓட்ட ஆசைப்படுறீங்கன்றதும் நீளத்தை மாத்தும்

இதுக்கு நம்ம நாட்டு உதாரணமே ஒண்ணு இருக்கு. குல்மார்க்குக்கு கீழ தங்மார்க்ல பிறந்த ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல இந்தியா சார்புல போன ஒரே வீரர். அவர் ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் ரெண்டுலயும் இறங்கினார். ஸ்லாலம்னா கம்புங்க நெருக்கி நட்டிருக்கும், குட்டி குட்டியா வெட்டி வெட்டி திரும்பணும், ஆம்பளைங்க ஸ்கீ குறைஞ்சது 165 இருக்கணும்னு விதி. ஜெயன்ட் ஸ்லாலம்ல கம்புங்க தூர தூரமா இருக்கும், வேகமும் திருப்பமும் பெருசு, அதுக்கு குறைஞ்சது 193. டவுன்ஹில்னு நேரா இறங்கற போட்டி இருக்கு, அதுக்கு 218. ஆள் ஒருத்தரே, உயரமும் வெயிட்டும் மாறல, ஓட்டுற விதம் மாறினதும் ஸ்கீ 28 சென்டிமீட்டர் மாறுது பாருங்க.

நமக்கு அவ்ளோ தேவையில்ல, ஆனா கணக்கு அதேதான். மெதுவா, சின்ன சின்னதா திரும்பிக்கிட்டு, மரத்துக்கு நடுவுல, மேடு பள்ளத்துல போகணும்னா அளவுல குட்டையா எடுங்க. அகல சரிவுல பெருசா வளைஞ்சு வேகமா போகணும்னா நீளமா. நீள ஸ்கீயில பனியோட ஒட்டுற விளிம்பு அதிகம், அதனால வேகத்துல ஆடாது, ஆனா திருப்ப பலம் கேக்கும்.

அடுத்தது புதுப்பனி. பாலாத்து மணல்ல சைக்கிள் ஓட்டி பாத்திருப்பீங்க, டயர் புதைஞ்சு நின்னுடும், டிராக்டர் டயர் மேலயே போயிடும், பரப்பு அதிகம்ன்றதால. முட்டி ஆழத்துக்கு மெத்துனு விழுந்த பனியிலயும் அப்படித்தான், அதனால அங்க ஓட்டறவங்க இடுப்பு 100 மில்லிமீட்டருக்கு மேல அகலமா, தலைக்கு மேல நீளமா எடுப்பாங்க. குல்மார்க் கோண்டோலாவுல, அதாவது கேபிள் கார்ல, ரெண்டு கட்டம் இருக்கு, முதல் கட்டம் கோங்தூரி, சுமார் 3,080 மீட்டர், ரெண்டாவது கட்டம் அஃபர்வத், 3,900 மீட்டருக்கு மேல. நம்ம ஏலகிரி 1,100 மீட்டர்தான், நினைச்சு பாத்துக்கோங்க. அந்த மேல் கட்டத்துக்கு வர்ற வெளிநாட்டு ஆளுங்க கையில பெரிய அகல ஸ்கீயா இருக்கும், பாக்க ஆசையா இருக்கும், அதையே எடுக்கலாம்னு தோணும். வேணாம். கீழ அமுக்கி விட்ட பனியில கத்துக்கறப்போ அகல ஸ்கீயை ஒரு விளிம்புல இருந்து இன்னொரு விளிம்புக்கு சாய்க்கவே நேரம் ஆகும். மேல் கட்டத்துல பனிச்சரிவு அபாயமும் உண்டு, கைடு இல்லாம, நல்லா ஓட்ட வராம அங்க போகவே கூடாது.

ராக்கர்னு ஒரு வார்த்தை காதுல விழும். ரெண்டு ஸ்கீயையும் அடிப்பக்கம் ஒட்டி வெச்சு பக்கவாட்டுல பாருங்க. நடுவுல இடைவெளி தெரிஞ்சா அது சாதாரண வில்லு வளைவு. முனையில ரொம்ப முன்னாடியே பிரிஞ்சு, பரிசல் விளிம்பு மாதிரி தூக்கியிருந்தா அது ராக்கர். ராக்கர் ஸ்கீயோட முனை சாதா பனியில தரையை தொடாது, அதனால 160னு எழுதியிருந்தா கூட 152 மாதிரிதான் காலுக்கு தெரியும். முனையில நல்லா ராக்கர் இருந்தா உங்க அளவை விட அஞ்சு சென்டிமீட்டர் கூட எடுக்கலாம், ரெண்டு பக்கமும் ராக்கர்னா பத்து வரைக்கும் கூட.

பசங்களுக்கு

ஜூன் மாசம் ஸ்கூல் ஷூ வாங்கும்போது "அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்"னு ஒரு சைஸ் பெருசா வாங்குறது நம்ம வீட்டு வழக்கம். தயவு செஞ்சு ஸ்கீயில அதை செய்யாதீங்க. 22 கிலோ குழந்தைக்கு பெரிய ஸ்கீ சுமைதான், திருப்பவே முடியாது, அழுதுட்டு திரும்பி பாக்காது. முதல் தடவைன்னா நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவுல, கொஞ்சம் பழகினப்புறம் தாடைக்கும் மூக்குக்கும் நடுவுல. ஹெல்மெட்டும் அப்படியே, வளர்ற தலைக்குன்னு லூசா வாங்கினா விழும்போது கழண்டுக்கும்.

ஸ்கீயை விட பூட் முக்கியம்

ஷூக்காரன்றதால சொல்லல, ஆனா ஷூக்காரன்றதால எனக்கு சீக்கிரம் புரிஞ்சுது. நீளம் எவ்ளோ சரியா எடுத்தாலும் பூட் லூசா இருந்தா உங்க கால் சொல்றது ஸ்கீக்கு போய் சேராது. ஸ்கீ பூட் சைஸ் நம்ம ஏழு, எட்டு கணக்கு இல்ல, கால் நீளம் எத்தனை சென்டிமீட்டரோ அதுவே சைஸ், 26 சென்டிமீட்டர் கால்னா 26. ஒரு பேப்பர் மேல குதிகாலை சுவத்துல ஒட்டி நின்னு கட்டை விரல் நுனியில கோடு போட்டு அளந்துக்கோங்க, ரெண்டு காலையும் அளங்க, பாதி பேருக்கு மேல ரெண்டும் ஒரே அளவா இருக்காது, பெரிய காலுக்கு எடுங்க.

போட்டு நேரா நின்னா விரல் நுனி முன்பக்கம் லேசா தொடணும், முட்டியை மடக்கி முட்டிக்கு கீழ இருக்கற காலோட முன் எலும்பை பூட்டோட நாக்கு மேல சாச்சா விரல் பின்னாடி வந்துடணும். குதிகால் மேல தூக்கவே கூடாது. குளிருதுன்னு ரெண்டு சாக்ஸ் போடாதீங்க, ஒண்ணு போதும், மெல்லிசா, முட்டிக்கு கீழ வரைக்கும் நீளமா. ரெண்டு சாக்ஸ் போட்டா ரத்த ஓட்டம் அமுங்கி கால் இன்னும் ஜில்லுனு ஆகும், நாங்க செக்ஷன்ல ஃபிட்டிங் பாக்கும்போது இதை தினம் பாக்குறோம், மடிப்பு விழுற இடம்தான் கொப்புளம் வர்ற இடம்.

பூட்டை ஸ்கீயோட பிடிச்சிருக்கறது பைண்டிங். விழும்போது அது கழண்டாதான் முட்டி தப்பிக்கும், தேவையில்லாம கழண்டாலும் ஆபத்து. எவ்ளோ இழுத்தா கழலணும்னு ஒரு எண் வெச்சு திருகுவாங்க, அதுக்கு கடைக்காரருக்கு உங்க வெயிட், உயரம், வயசு, பூட் அடிப்பாக நீளம், ஓட்டுற விதம் எல்லாம் வேணும். வெயிட்டை கூச்சப்பட்டு குறைச்சோ, வீம்புக்கு கூட்டியோ சொல்லாதீங்கன்னு நான் கெஞ்சி கேக்குறது இதுக்காகவும்தான். நண்பரோட ஸ்கீயை மாத்தி போட்டு பாக்குறதும் வேணாம், அது அவர் உடம்புக்கு திருகினது.

ரெண்டு கையிலயும் பிடிக்கிற கைக்கம்போட அளவை சீக்கிரம் சொல்லிடலாம். தலைகீழா பிடிச்சு, கீழ இருக்கற வட்டத்தட்டுக்கு அடியில கைய வெச்சு பிடிங்க, முழங்கை தொண்ணூறு டிகிரியில நின்னா சரி. உயரத்தை 0.7 ஆல பெருக்கினாலும் கிட்டத்தட்ட அதே நம்பர் வரும்.

வாங்கறதா, வாடகையா

முதல் பத்து நாள் ஓட்டுற வரைக்கும் வாடகைதான். நீளம் மாறிக்கிட்டே போகும்னு மேலயே சொன்னேன். சொந்தமா வாங்கணும்னு கை அரிச்சா மொதல்ல பூட் வாங்குங்க. ஸ்கீயை வேலூர்ல வெச்சு என்ன பண்ணுவீங்க, வருஷத்துல 355 நாள் பரண்லதான் இருக்கும், மே மாச வெயில்ல பரண் கொதிக்கும், விளிம்பு இரும்பு வேற துரு பிடிக்கும்.

மேல்விஷாரம், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் துபாய்ல இருப்பாங்க. அங்க போற வேலை இருந்தா மால் ஆஃப் தி எமிரேட்ஸ்ல 2005லருந்து ஸ்கீ துபாய்னு ஒரு உள்ளரங்க சரிவு இருக்கு, நீளமான ஓட்டம் 400 மீட்டர். ஸ்கீ, பூட், ஜாக்கெட் எல்லாம் டிக்கெட்லயே சேர்ந்து வரும். காஷ்மீர் போறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் அங்க செலவு பண்ணி, ஒரு மணி நேரம் ஒரு சைஸ், அடுத்த மணி நேரம் அடுத்த சைஸ்னு கேட்டு பாருங்க, எது உங்களுதுன்னு கால் சொல்லிடும்.

கடையிலயும் சரிவுலயும்

குல்மார்க்ல உருது, ஹிந்தி ஓடும். வீட்ல உருது பேசுற நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு கவலையே இல்ல. மத்தவங்க சென்டிமீட்டர் நம்பரை பேப்பர்ல எழுதி காட்டிடுங்க, "தோடா சோட்டா"ன்னா கொஞ்சம் சின்னது, "தோடா லம்பா"ன்னா கொஞ்சம் நீளம், இது ரெண்டும் தெரிஞ்சா போதும். உயரம், கிலோ, எத்தனை நாள் ஓட்டியிருக்கேன், கால் சென்டிமீட்டர், வயசு, இந்த அஞ்சையும் ஒரே மூச்சுல சொல்லுங்க. குடுத்த ஸ்கீயை வாங்கினதும் நிறுத்தி மூஞ்சியோட அளந்து பாருங்க, ரெண்டும் ஒரே நம்பர்தானான்னு பாருங்க (ஒரு காலுக்கு 153, இன்னொரு காலுக்கு 146 குடுத்ததை நான் பாத்திருக்கேன்), விளிம்பை நகத்தால சுரண்டி பாருங்க, நகத்தை லேசா சீவினா கூர்மை இருக்குன்னு அர்த்தம்.

சரிவுல இறங்கினப்புறம் ஸ்கீயே சொல்லும். முனைங்க அடிக்கடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, திருப்பத்தை முடிக்க முடியல, அரை மணி நேரத்துல தொடை எரியுது, உடம்பு தானா பின்னாடி போகுதுன்னா அனேகமா நீளம் அதிகம். மிதமான வேகத்துலயே தடதடன்னு ஆடுது, திருப்பத்தோட கடைசியில வால் வழுக்குது, முன்னாடி கவுந்துடுவோமோன்னு இருக்குன்னா அனேகமா நீளம் பத்தல. ஆனா இந்த ரெண்டு தொல்லையும் பூட் பக்கிள் லூசா இருந்தாலும் வரும், அதனால மொதல்ல குனிஞ்சு பக்கிளை ஒரு பல்லு இறுக்கி ரெண்டு ரவுண்டு போய் பாருங்க. அப்பவும் அப்படியே இருந்தா பல்லை கடிச்சுக்கிட்டு நாள் முழுக்க ஓட்டாதீங்க, போய் மாத்திடுங்க, ஒரே தடவையில ஒரு சைஸ் மட்டும் மாத்துங்க, ரெண்டு சைஸ் தாண்டாதீங்க. மாத்தி தருவீங்களான்னு காசு குடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க, காலையில கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி போனா நடு சைஸ்ங்க எல்லாம் ரேக்லயே இருக்கும்.